கரை தொடாத கண்

கதை எழுதிப் பழக்கமில்லாத ஒருவன் துணிந்து பேனாவைத் திறந்தமைக்கு, வாசிக்கும் பெரியோர் முதற்கண் பொறுத்தருள வேண்டும். பாம்பன் தபால் நிலையத்தில் பல ஆண்டுகள் பிறர் எழுதிய கடிதங்களுக்கு முத்திரை குத்தியதன்றி, நானாக ஒரு பக்கம்கூட எழுதியவனல்லன். ஆயினும் இதில் வரும் கடிதமொன்று என் கை வழியாகச் சென்றது. மற்றவற்றை நர்ஸ் யாகப்பம்மாள் அவர்கள் ஒரே ஒருமுறை எனக்குச் சொன்னார்கள். இன்னொரு முறை கேட்டபோது, "வேணாம் தம்பி, உச்சி நேரமாகுது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்கள். ஆகவே சொல்லில் குறையிருப்பின் அது என் குறை, அவர்களுடையதன்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, மாசி மாதக் கடைசியில் ஒரு காலை. பாம்பனை அடுத்த அக்காள்மடத்தில் சாலையை விட்டுத் தெற்கே கடலோரமாக இறங்கினால், உப்பு இலாகா கைவிட்ட பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்று நிற்கும். அதன் சுவருக்கு எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மூன்றாம் நாள் உப்புப் பூத்துவிடும். அந்தக் கட்டடத்தில்தான் மதுரையிலிருந்து வந்த டாக்டர் இராமலட்சுமி எட்டுக் கட்டில்களைப் போட்டுக் கண் வார்டு நடத்திவந்தார். புண்பட்ட கண்களுக்கு வெளிச்சம் ஆகாதென்பதால், சன்னல்கள் அனைத்திலும் பச்சைத் துணி இரட்டையாகத் தொங்கும். வெளியே மணல் கண்ணைப் பறிக்கும் உச்சி வெயிலிலும், உள்ளே கிணற்றின் ஆழம் போன்ற இருட்டு.

அந்த வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. சாயல்குடி உப்பளத்துக் கூலிப்பெண் பூமயில், இரண்டரை வயதுக் குழந்தையை இடுப்பில் ஏந்தி இறங்கினாள். யாகப்பம்மாள் ஓடிப்போய் அவள் கையைப் பற்றினார்.

"யாரு, நர்சம்மாவா? கை இப்படிச் சில்லுன்னு இருக்கே. மீன் அறுத்துட்டா வாரீக?"

"ஐஸ் ஒடச்சேன். பேசாம ஏறு. படி இருக்கு."

"எத்தன படி?"

"மூணு."

"சீனி, நீ எண்ணுடி. நர்சம்மா பொய் சொல்றாகளான்னு பாப்போம்."

"ஒண்ணு, ரெண்டு, அஞ்சு" என்றது குழந்தை.

"பாத்தீகளா? எம்மக படிச்சவ."

சீனியம்மாள் வயிற்றில் நான்கு மாதமாக இருந்தபோது பூமயிலுக்கு அம்மை கண்டது. உயிரை விட்டுவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டது. இரண்டு கருவிழிகளின்மேலும் பால் உறைந்தாற்போல வெள்ளைத் தழும்பு. கணவன் கொழும்புக்குப் போனவன்; கடிதம் இல்லை. அவள் தன் குழந்தையை விரலால் மட்டுமே அறிந்திருந்தாள்.

"ஊர்ல எல்லாரும் பாத்துட்டாக" என்றாள் யாகப்பம்மாளிடம். "ஆடு மாடுகூடப் பாத்துருச்சு. பெத்தவ நான்தான் பாக்கல. ஒரே ஒரு தடவ போதும் நர்சம்மா."

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி இத்தகையோருக்காகத்தான். கண்ணுக்கு முன்னால் கடிகாரத்துக் கண்ணாடி போல மூடியிருக்கும் மெல்லிய தோல் தழும்பேறிவிட்டால், அதை உளுந்தளவு வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவரின் தெளிந்த தோலை அவ்விடத்தில் வைப்பது. அதுவரை நான்கு பேருக்கு வைத்தார். நான்கும் ஒட்டாமல் வெளுத்துப்போயின. மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட தையல்தான் காரணம் என்று அவர் கருதினார். இனிமேல் தோலைத் தைக்காமல், நாட்டுக்கோழி முட்டையின் உட்சவ்வை அதன்மேல் விரித்து அணைகொடுப்பது என்று புதிய முறை ஒன்றை முயல்களின் கண்ணில் செய்துபார்த்து வைத்திருந்தார். குறை ஒன்றே ஒன்றுதான். கண் தருவார் இல்லை. ஐந்தாவது முயற்சியும் தவறினால் வார்டை மூடிவிடும்படி மேலிடத்திலிருந்து உத்தரவும் வந்திருந்தது.

இரண்டு மாதம் காத்திருந்தார்கள்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் நடுப்பகலில், வார்டுக்கு நேரே கரையில் ஒரு வள்ளம் வந்து முட்டியது. திடீர்க் காற்றில் பாய்மரம் முறிந்து, வியாகுலம் என்ற மீனவரின் பிடரியில் விழுந்திருந்தது. தண்ணீரில் விழுந்தவரைத் தேடி எடுத்து, டாக்டர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் அவருடைய தம்பி யேசுதாஸ் அங்கே கொண்டுவந்தார். ஆனால் கரைக்கு வருமுன்பே, கடலிலேயே, உயிர் போயிருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன.

டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். யேசுதாஸ் அண்ணன் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார்.

"கண்ணு மண்ணுக்குத்தான போகுது. ஒரு தாயிக்குப் பார்வ வருமுன்னா எடுத்துக்கங்கம்மா. மதினிகிட்ட மட்டும் சொல்லிறாதீக. தாங்கமாட்டாக" என்று பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்தார்.

யாகப்பம்மாளுக்கு அப்போதே நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அவரும் பாம்பன் மீனவர் வீட்டில் பிறந்தவர். கடலில் உயிர்விட்டவனுடைய கண்ணை அவனுடைய வீட்டுக்காரிதான் மூடவேண்டும் என்பது அவர்கள் தெருவின் வழக்கம். உள்ளங்கையை இமைமேல் வைத்து, "கரை தொட்டாச்சு, கண்ண மூடுங்க" என்று அவள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், தான் கரை சேர்ந்தது செத்தவனுக்குத் தெரியாது, தேடிக்கொண்டேயிருப்பான். தம் தகப்பனாருக்குத் தாயார் அதைச் சொன்னதைச் சிறுமியாக நின்று பார்த்தவர் அவர். ஆனால் வியாகுலத்தின் மனைவி மிக்கேலம்மாள் இராமேசுவரத்தில் மீன் விற்கப் போயிருந்தார். சித்திரை வெயிலோ எவருக்காகவும் காத்திராது.

இரண்டு கண்களும் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஏறின. புட்டிகள் ஐஸ் நிரப்பிய தெர்மாஸ் குடுவைக்குள் இறங்கின. வெற்றிடத்தில் பஞ்சை வைத்து, இமையை இழுத்து மூடி, மேலே துணிக்கட்டுப் போட்டுவிட்டார் யாகப்பம்மாள்.

பொழுது சாயும் வேளையில் மிக்கேலம்மாள் வந்தார். தலையில் இருந்த மீன்கூடையை இறக்கவும் மறந்திருந்தார். அழவில்லை.

"கண்ண ஏன் கட்டியிருக்கீக?"

"மீன் கொத்திருச்சுக்கா. பாக்காதீங்க."

அந்த ஒரு சொல்லை எந்த மீனவப் பெண்ணும் மறுத்துக் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் மறுநாள் மீன் அறுக்கக் கை வராது. அது தெரிந்துதான் யாகப்பம்மாள் அதைச் சொன்னார்.

"கட்டு மேலயே கை வைக்கவா?"

"வைங்கக்கா. அவருக்குக் கேக்கும்."

மிக்கேலம்மாள் கூடையை இறக்கினார். முந்தானையில் கையைத் துடைத்துக் கட்டின்மேல் வைத்தார். "கரை தொட்டாச்சு. கண்ண மூடுங்க" என்றார். பிறகு கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"கை உள்ள போகுதே தங்கச்சி."

"தண்ணில ஊறுன முகம்கா. அப்படித்தான் இருக்கும்."

அவர்கள் முதுகுக்குப் பின்னால் மேசைமேல் இருந்த குடுவைக்குள், கண்ணாடியில் கண்ணாடி மோதும் ஓசை ஒன்று கேட்டது.

மெல்ல ஒருமுறை. பிறகு இன்னொரு முறை.

ஐஸ் உருகுகிறது என்று யாகப்பம்மாள் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரு கண் அன்று இரவு ரயிலிலேயே, வேறொரு குடுவையில், கடலே இல்லாத மேற்கு ஜில்லா மருத்துவமனை ஒன்றுக்குப் போயிற்று. அங்கேயும் ஒரு டாக்டர் இதே முறையைச் செய்துபார்க்கக் காத்திருந்தார். மற்றொன்று மறுநாள் காலையில் பூமயிலின் வலக்கண்ணுக்கு வந்தது. முட்டையை உடைத்து உட்சவ்வைக் கிழியாமல் உரித்துக் கொடுத்தவர் யாகப்பம்மாள்.

அதன்பின் பத்து நாள் பூமயில் அசையக்கூடாது. தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. இரண்டு கண்ணிலும் கட்டு. கஞ்சி தவிர வேறு ஆகாரம் இல்லை. இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது.

"சிரிக்கக்கூடாதுன்னா சீனிய வெளிய கொண்டுபோங்க" என்றாள் பூமயில்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது. மற்ற நோயாளிகள் உறங்கினார்கள். வெளியே காற்றே இல்லை. ஆனாலும் பச்சைத் துணிகள் பாய்போல உள்ளே புடைத்து, மெதுவாகச் சுவரில் படிந்தன.

"நர்சம்மா."

"என்னம்மா?"

"கரை எங்கன, கரை எங்கனன்னு கேக்குறாரே. ஒரு வழி சொல்லி அனுப்பிவிடுங்களேன்."

"யாரு?"

"என் கால்மாட்டுல நிக்கிறவரு. மேலெல்லாம் சொட்டுது பாருங்க."

யாகப்பம்மாள் கால்மாட்டைப் பார்த்தார். எவரும் இல்லை.

தரையில் ஒரு கை அளவு தண்ணீர் நின்றது.

துடைத்தார். துணியில் பாசி வாடையும், நனைந்த பாய்ச்சீலையின் வாடையும் வீசின. அவர் பிறந்த வீட்டின் வாடை அது. மறுநாள் நடுப்பகலிலும் அதே இடத்தில், அதே அளவு தண்ணீர். அதற்கு மறுநாளும். தலைமாட்டு மணல் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். இரண்டும் நனைந்து கனத்திருந்தன.

ஏழாம் நாள் பூமயில் எவரிடமோ பேசுவதுபோல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். யாகப்பம்மாள் குனிந்து செவிசாய்த்தார்.

"கோபுரமும் மாதா கோயில் சிலுவையும் ஒண்ணு மேல ஒண்ணு வரமாட்டேங்குதே... ஒண்ணு மேல ஒண்ணு வந்தாத்தான வழி..."

யாகப்பம்மாள் நிமிர்ந்தார். கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு உயரங்களை ஒரே நேர்க்கோட்டில் கண்டுதான் கரைக்கு வழி பிடிப்பார்கள். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் வருவார். சாயல்குடி உப்பளத்தில் பிறந்து, வள்ளத்தில் காலே வைத்திராதவள், மூன்று ஆண்டுகளாகக் குருடி, அதை எவ்வாறு அறிவாள்?

மேல்கட்டை மாற்றுவதற்காக அவிழ்த்தார். இடக்கண் இமைக்கடியில் அசைவில்லை.

வலக்கண் அசைந்தது.

இடமிருந்து வலமாக, மிக மெதுவாக, ஒரு கோடி முதல் மறு கோடி வரை. நின்றது. மீண்டும் திரும்பி வந்தது. தொடுவானத்தைத் துழாவுகிறவனின் கண்ணைப்போல.

அவர் கட்டை மறுபடி இறுக்கிப் போட்டுவிட்டார். டாக்டரம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. எதைச் சொல்லத் தொடங்கினாலும், மீன் கொத்தியதாகச் சொன்னதிலிருந்து தொடங்கவேண்டும்.

பதினோராம் நாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். டாக்டரம்மா விளக்கைப் பிடித்து நோக்கினார். உளுந்தளவு வட்டம், மழை கழுவிய கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அவர் விளக்கை மேசையில் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாகப்பம்மாள் சீனியைக் கொண்டுவந்து கட்டிலில் உட்காரவைத்தார்.

பூமயில் குழந்தையின் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு, "அடிப்பாவி, அப்படியே எம்மாமியா மூக்கு!" என்றாள். சிரித்தாள். அழுதாள். "போகட்டும், நெத்தி என் நெத்தி. பாருங்க நர்சம்மா, என் நெத்திதான?"

அன்றைய காலைப்பொழுது முழுவதும் வார்டில் திருவிழா. வேப்பமரத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், "நீங்க இம்புட்டுக் கருப்பா? குரல வச்சுச் செவப்புன்னுல்ல நெனச்சேன்" என்று யாகப்பம்மாளைக் கேலி செய்தாள்.

நடுப்பகலில் அவள் பேச்சு நின்றது.

"சன்னலுக்குள்ள தண்ணி வருதே."

"துணி அது. பச்சைத் துணி."

"இல்ல. சுவரக் காணோம். கட்டிலக் காணோம். சுத்திலும் தண்ணி. சீனி தண்ணிமேல நிக்கிறா. யாராச்சும் தூக்குங்க!"

வலக்கண்ணைக் கையால் பொத்தினாள். பொத்திய பிறகும் தெரிகிறது என்றாள்.

பொழுது சாய்ந்ததும் கடல் வடிந்தது. மறுநாள் காலையில் குழந்தையும் மரமும் தட்டும் தெரிந்தன. உச்சிக்குக் கடல் வந்தது. நாள்தோறும் அவ்வாறே. காலையில் அவள் பூமயில். நடுப்பகலில் கரையற்ற தண்ணீரில் எதையோ துழாவும் ஒரு கண்.

பதினேழாம் நாள், நண்பகல் மருந்து கொண்டுவந்த யாகப்பம்மாள் கட்டிலைக் கண்டார்.

காலியாக இருந்தது.

குழந்தையும் இல்லை.

வாசலிலிருந்து மணலில் காலடிகள் இறங்கிச் சென்றன. பெண்ணின் சிறிய காலடிகள். அவற்றுக்கு முன்னால், வழிகாட்டிச் செல்வதுபோல, ஆணின் அகன்ற காலடிகள். வெயில் கொளுத்தும் உலர்ந்த மணலில் அவை மட்டும் ஈரமாயிருந்தன.

பூமயில் மார்பளவுத் தண்ணீரில் நின்றாள். சீனி அவள் தோளில் அமர்ந்து, அலைக்கு அலை கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. யாகப்பம்மாள் உடையோடு பாய்ந்து குழந்தையைப் பறித்தார். மறு கையால் தாயின் கூந்தலைப் பிடித்து இழுத்தார். பூமயில் திரும்பினாள். கரை அவள் கண்ணெதிரே, இருபது பாகத் தொலைவில், பளீரென்று கிடந்தது. வலக்கண் அதைக் கடந்து எங்கோ பார்த்தது.

"கரை எங்கன?" என்றாள்.

அது அவளுடைய குரலன்று.

அன்று மாலை யாகப்பம்மாள் டாக்டரம்மாவிடம் அனைத்தையும் சொன்னார். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"யாகப்பம்மா, நான் வச்சது உளுந்தளவு தோலு. அதுக்குள்ள ஒரு மனுசன் எப்படி இருப்பான்? ரொம்ப நாள் இருட்டுல கிடந்த மூளை, வெளிச்சத்தத் தப்பாப் படிக்குது. அம்புட்டுத்தான்."

"சரிங்கம்மா."

டாக்டரம்மா தம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார், எழுதாமலே மூடினார். "நாலு தோத்தாச்சு. இது அஞ்சாவது. இம்புட்டுத் தெளிவா ஒரு தோலு நின்னு நான் பாத்ததே இல்ல. ஆனா, விளக்கப் பிடிச்சு அந்தக் கண்ணுக்குள்ள பாக்கும்போதெல்லாம்..." சொல்ல வந்ததை விழுங்கினார். "நாளைக்கு மதுரைக்குப் போறேன். வர ரெண்டு நாளாகும். திரும்பி வாரப்ப கண்ணு எப்படி இருக்கோ, அப்படியே எழுதிக்கிறேன்."

யாகப்பம்மாள் பூமயிலிடமும் ஒளிக்கவில்லை. யாருடைய கண், யார் வெறுங்கட்டின்மேல் சொல்லிப்போன சொல், யார் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னார். அந்தச் சொல் கண்ணைத் திறந்துவைக்கும் சொல்லன்று, மூடும் சொல் என்பதையும் சொன்னார்.

"மூடிட்டா அப்புறம் திறக்காதோ?"

"தெரியல."

"படி மூணுன்னு சரியாச் சொன்னவுக நீங்க. இதையும் சரியாச் சொல்லுங்க."

"திறக்காது."

பூமயில் உறங்கும் குழந்தையைத் தடவிக்கொண்டேயிருந்தாள். "நான் பாத்துக்கிட்டே இருந்தா இவளத் தண்ணிக்குக் குடுத்துருவேன். அந்த அக்காவ வரச் சொல்லுங்க. ஆனா விடியட்டும். ஒரு காலப்பொழுது எனக்கு வேணும்."

அந்தக் காலைப்பொழுதை அவள் வீணாக்கவில்லை. சீனியை நடக்கச் சொன்னாள், ஓடச் சொன்னாள், குளிப்பாட்டினாள், தூங்கவைத்து எழுப்பினாள். இடக்காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், முழங்காலில் பழைய தழும்பு, மேல்வரிசையில் முனை மழுங்கிய ஒரு பல். அழும்போது முகம் எப்படிப் போகும் என்று தெரியவேண்டுமெனத் தொடையில் மெல்லக் கிள்ளினாள். குழந்தை வீறிட்டது. "சரி சரி, பாத்துட்டேன். போதும்" என்று அணைத்துக்கொண்டாள்.

யாகப்பம்மாள் அதற்குள் மிக்கேலம்மாளை அழைக்கச் சென்றிருந்தார். அவர் வீட்டு வாசலிலேயே நின்று, செய்ததைச் சொல்லி முடித்தார். அடிப்பார், ஏசுவார் என்று எதிர்பார்த்தார். மிக்கேலம்மாள் கதவைச் சாத்திவிட்டு உடன் நடந்தார். வார்டின் மூன்றாம் படியில் மட்டும் நின்றார்.

"அன்னைக்கே கேட்டேன், கை உள்ள போகுதேன்னு."

"மன்னிச்சுக்கங்கக்கா."

"நீயும் நம்ம தெருப் பிள்ளதான. ஒனக்குத் தெரியாதா?"

யாகப்பம்மாள் முன்னால் சென்று கதவைத் திறந்துவிட்டார்.

உச்சிக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. பூமயில் கட்டிலில் அமர்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்கேலம்மாள் நிலைப்படியைத் தாண்டினார்.

பூமயிலின் பார்வையில்லாத இடக்கண் குழந்தையின் பக்கமே நின்றது.

வலக்கண் மட்டும் வாசலுக்குத் திரும்பியது.

மிக்கேலம்மாள் அதைக் கண்டார். அருகே சென்று முழந்தாளிட்டார். அந்த ஒற்றைக் கண்ணில் நீர் நிறைந்து, ஒற்றைக் கன்னத்தில் வழிந்தது.

"ஏங்க" என்றார். "காத்து சரியில்ல, இன்னைக்குப் போகவேணாமுன்னு சொன்னேன்ல? என்னைக்கு என் பேச்சக் கேட்டீக?"

கண் இமைக்கவில்லை.

"நானும் கொஞ்சம் பாத்துக்கிறேன் தாயி" என்றார் பூமயிலிடம்.

"பாருங்கக்கா. நான் பாத்துட்டேன்."

கூரை ஓட்டின் விரிசல் வழியே விழுந்த வெயில் கட்டிலின் நடுவுக்கு வந்தது. கால்மாட்டுத் தரை கசியத் தொடங்கியது. மிக்கேலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தார். இமைமேல் உள்ளங்கையை வைத்தார். இம்முறை கை உள்ளே போகவில்லை.

"கரை தொட்டாச்சு. கண்ண மூடுங்க."

வெளியே அலையோசை நின்றது. மூச்சுவிடும் நேரம். பிறகு மறுபடி தொடங்கியது.

அவர் கையை எடுத்தபோது, உளுந்தளவு வட்டம் கிட்டங்கிச் சுவரைப்போல உப்புப் பூத்திருந்தது.

"சீனி" என்று பூமயில் கையை நீட்டித் தடவினாள். "எங்கனடி இருக்க?"

மதுரையிலிருந்து திரும்பிய டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "ஐந்தாவது. பதினெட்டாம் நாள் வெளுத்தது. காரணம் தெரியவில்லை" என்று எழுதினார். அதன்பின் கால்மாட்டுத் தரை நனையவில்லை. பூமயில் வண்டியேறிச் சாயல்குடிக்குப் போனாள். போகும்போது மகளிடம், "உன் காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்கு, தெரியுமாடி?" என்று சொல்லிக்கொண்டு போனாளாம்.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதும் துணிவு எனக்கு வந்திராது.

ஆனி மாதம் மேற்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்தான் முத்திரை குத்திக் கொடுத்தனுப்பினேன். அந்த மருத்துவமனையின் டாக்டர் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார்: தங்கள் முறை வென்றது. கண் பெற்றவர் ஒரு நெசவாளி. பார்வை முழுத் தெளிவு. சிறியதோர் ஐயம் மட்டும். அவர் நடுப்பகலில் தறியை விட்டு எழுந்து, கிழக்கு நோக்கி நின்று, "கரை எங்கன" என்று எவரையோ கேட்கிறார். எங்கள் பக்கத்தில் இப்படிப் பேசுவாரில்லை. தங்கள் ஊர்ப் பேச்சா?

யாகப்பம்மாளும் மிக்கேலம்மாளும் அன்று மாலை ரயிலுக்கே புறப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்த நெசவாளியின் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். தறியில் பாதிச் சேலை நின்றது. நான்கு நாளைக்கு முன், உச்சிவேளையில், அவர் செருப்புகூடப் போடாமல் கிழக்கே நடந்து போய்விட்டார் என்றார் அவருடைய மனைவி. ஊரார் கிணறெல்லாம் தேடிவிட்டார்கள்.

திரும்பி வந்த யாகப்பம்மாள் வார்டுக் கதவைத் திறந்தார். நடுப்பகல். பூமயில் படுத்திருந்த கட்டில் மடித்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அது கிடந்த இடத்தில், தரையில், ஒரு கை அளவு தண்ணீர்.

இழந்தவற்றை மட்டும் வரிசையாக எழுதி முடித்துக்கொள்ள வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். பூமயில் இழந்தது வலக்கண். பார்த்திருந்தது ஏழு நாளும் ஒரு காலைப்பொழுதும். மிக்கேலம்மாள் கணவரை இழந்தார், இரண்டு முறை. மேற்கே ஒரு வீட்டில் நெசவாளி ஒருவர். பாதிச் சேலை ஒன்று. அந்த ஆண்டு ஆவணியில் வார்டு மூடப்பட்டது, எட்டுக் கட்டில்கள். அறுபத்து நாலாம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் கிட்டங்கி போயிற்று. அதில் விட்டுச்சென்ற டாக்டரம்மாவின் குறிப்புப் புத்தகங்கள் மூன்று. யாகப்பம்மாள் நர்ஸ் வேலையை விட்டார்.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சியில் வெளுக்காமல் தெளிவாக நின்ற கண், ஒன்று. கிழக்கே நடந்து போன அது இன்னும் கிடைக்கவில்லை.